மதிப்பீடு மலையேற வேண்டும்: கொல்லிமலைக் குழந்தைகளின் மனநலப் பரிசோதனை குறித்து

ஒன்பது வயதாகியும் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லை என்றால், காரணம் பல இடங்களில் இருக்கலாம். காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் வலிப்பு, பிறர் கண்ணுக்குக் கவனக்குறைவாகத் தோன்றலாம். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ இருக்கலாம். வீட்டைப் பிரிந்த துயரமாகவும் இருக்கலாம். முறையாகக் கற்பிக்கப்படாததன் விளைவாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிந்து, இந்தக் குழந்தைக்கு இன்ன உதவி வேண்டும் என்று சொல்வதே மதிப்பீட்டின் பணி. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை போன்ற ஒரு பகுதிக்கு இன்றைய ஏற்பாடு அந்தப் பணியைச் செய்யும்படி அமையவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதியை மலைமீதே செய்ய முடியும். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டமும் தூரமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. அதைத் தாண்டிச் செம்மேடு. வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு என 14 நாடுகளாகச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 40,000 பேர் வாழும் இம்மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது மலைக்குக் கீழே, நாமக்கல்லில். செம்மேட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து குழந்தையோடு அங்கே போய்வருவது ஒரு முழுநாள் கூலியை இழப்பது. ஒரே வருகையில் முடியாத மதிப்பீடு என்றால் அந்த இழப்பு திரும்பத் திரும்ப நேரும்.

தூரம் நிர்வாக அசௌகரியம் மட்டும் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 18ஆம் பிரிவில், மனநலச் சேவை புவியியல் அளவிலும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உரிமையாகவே சொல்கிறது. எனினும் அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் அச்சட்டம் சேர்ப்பதில்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் இடம்பெறுகின்றன. ஆக, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒரு துறை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இன்னொரு துறை. பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் மூன்றாவது துறை. என்ன குறை என்று இன்னும் தெரியாத குழந்தைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதே முதல் சிக்கலாகிறது.

மூன்று துறைகளையும் தற்போது இணைப்பது பெரும்பாலும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்தான். குறைபாடு 40 விழுக்காடு என்ற எல்லையை எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்; அதனால் சான்றிதழ் முகாமின் கேள்வி ‘எத்தனை விழுக்காடு’ என்பதாகச் சுருங்குகிறது. உதவித்தொகை ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் துணை. அதை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் விழுக்காடு, ஏன் படிக்கவில்லை என்பதற்கும் எப்படிப் படிக்கவைப்பது என்பதற்கும் விடை தருவதில்லை. 40க்குக் கீழே நிற்கும் குழந்தை எந்த விடையும் இல்லாமலே வகுப்புக்குத் திரும்புகிறது.

2. அளவுகோல்கள் எங்கே பிறந்தவை

நம் மருத்துவமனைகளில் புழங்கும் அறிவுத்திறன் சோதனைகளின் வரலாறு இங்கே முக்கியம். பாரிஸில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் முதல் அளவுகோலை வகுத்தது, தனிக் கவனம் தேவைப்படும் பள்ளிக் குழந்தைகளைக் கண்டறிவதற்காக. அறிவுத்திறன் மாறாத அளவுடையது என்ற கருத்தைப் பினே பிற்காலத்தில் வெளிப்படையாக மறுத்தார். அவருடைய அளவுகோலை வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்துத் தகவமைத்தார். அதுவே பினே–காமத் சோதனை. வெக்ஸ்லரின் அளவுகோலை நாக்பூரில் மாலின் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தார். எட்கர் டால் வகுத்த வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலின் மூலவடிவத்தில் மேசைக்கத்தியைப் பயன்படுத்துவதும் தொலைபேசியில் அழைப்பதும் முதிர்ச்சியின் அடையாளங்கள்.

இவற்றுள் எதுவும் தமிழக மலைக் குழந்தைகளை நினைத்து உருவானதில்லை. கொல்லிமலை மக்கள் பேசுவது தமிழே என்பதால், மொழி ஒன்று என்றால் சோதனையும் பொருந்தும் என்று சோதிப்பவர் எளிதாக நம்பிவிடுகிறார். சாமைக் காட்டில் காவலிருக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும், விறகுக்கும் தண்ணீருக்கும் தனியே போய்வரும் குழந்தை, அறிமுகமில்லாத அறையில் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் மௌனமாக இருக்கலாம். அந்த மௌனம் மதிப்பெண்ணில் பூஜ்யமாகப் பதிவாகிறது.

1931–32இல் உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களில் ஆய்வு செய்த உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா இதே சிக்கலை எதிர்கொண்டார். பனி மூடிய வடக்கில் கரடிகள் வெண்மையானவை என்று சொல்லிவிட்டு, அங்குள்ள ஓர் இடத்தின் கரடி என்ன நிறம் என்று கேட்டபோது, பள்ளி அறியாத உழவர்கள் பலர், தாம் காணாததைப் பற்றிப் பேச மறுத்தனர். குறுகிய காலம் படித்தவர்களே விடை சொன்னார்கள். அந்தக் கேள்வி அளந்தது பெரிதும் பள்ளி தரும் பழக்கத்தை. மலைக் குழந்தையின் குறைந்த மதிப்பெண்ணைப் படிக்கும்போதும் இந்த ஐயம் நமக்கு எழ வேண்டும்.

பிழை எதிர்த்திசையிலும் நேர்கிறது. வீட்டு வேலைகளைப் பழக்கத்தால் செய்துவிடும் குழந்தையின் லேசான அறிவுசார் குறைபாடு, பள்ளியில் சேரும்வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம். பிறகு ‘மெல்லக் கற்பவர்’ என்ற பட்டியலில் சேர்ந்து, அதற்கு மேல் யாரும் கேட்காமல் ஐந்தாம் வகுப்பு முடிந்துவிடுகிறது. ஆகவே சோதனையே வேண்டாம் என்பது தீர்வாகாது.

3. கதை தெரிந்தவர்கள் ஒரே அறையில் இல்லை

குழந்தை மனநல மதிப்பீட்டில் எந்தச் சோதனைத்தாளைவிடவும் பெறுமதியுள்ளது வளர்ச்சி வரலாறு. பிறந்தவுடன் அழுததா, எப்போது நடந்தது, எப்போது முதல் சொல் வந்தது, வலிப்பு வந்ததா, வந்த பேச்சு நின்றுபோனதா: இவை தாய்க்கோ பாட்டிக்கோதான் தெரியும். வகுப்பில் எப்படி உட்கார்கிறது, யாரோடு விளையாடுகிறது, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது, இரவில் அழுகிறதா என்பவை ஆசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும்தான் தெரியும்.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைக் குழந்தைகளுக்குக் கல்வியையும் மூன்று வேளை உணவையும் உறுதிசெய்தவை. ஆனால் உறைவிட வாழ்க்கை இந்த இரு சாட்சிகளையும் பிரித்துவிடுகிறது. முகாமுக்கு ஆசிரியர் அழைத்துவந்தால் தாய் வேலைக்காட்டில் இருப்பார். விடுமுறையில் தாய் மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றால் ஆசிரியரின் குறிப்பு கையில் இருக்காது. பாதிக் கதையைக் கேட்டே மருத்துவர் முடிவெடுக்க நேர்கிறது. படுக்கையை நனைப்பது, பேசாமல் ஒடுங்குவது, வீட்டுக்கு ஓடிவிடுவது ஆகியவை விடுதிக்கு வந்தபின் தொடங்கியவையா, முன்பே இருந்தவையா என்ற ஒரே கேள்வி நோயறிதலை மாற்றிவிடும். அதைக் கேட்க இருவரும் வேண்டும்.

குடும்பம் வேறொரு விளக்கத்தையும் வைத்திருக்கலாம்: சாமிக் குத்தம், காத்துக் கருப்பு. இதைச் சொல்லத் தயங்கும் தாயிடமிருந்து மற்ற வரலாறும் வராது. ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது, சிகிச்சை எட்டாத குடும்பங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைக் காட்டியது. நேர்த்திக்கடனைக் கேலி செய்யாமல், அதோடு மருந்தும் பயிற்சியும் தொடரலாம் என்று சொல்லத் தெரிந்தவரே அந்தத் தாயின் நம்பிக்கையைப் பெறுவார்.

4. இரு மறுப்புகள்

குழந்தை மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. மலைக்கு மலை அனுப்ப முடியாது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் மதிப்பீட்டின் முதல் மூன்று கட்டங்களுக்கு அவர்கள் தேவையில்லை. செவி, கண், இரத்தசோகை, தைராய்டு, வலிப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே நடக்கக்கூடியது. வளர்ச்சி வரலாற்றை எழுதுவது பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணால் முடியும். வகுப்பறைக் கவனிப்பு ஆசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்து செய்வது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். அது தேடும் 30 நிலைகளில் வளர்ச்சித் தாமதமும் அடங்கும். புதிய துறை எதுவும் தேவையில்லை. இருக்கும் வருகைகளைக் கோக்க வேண்டும்.

உள்ளூர்ப் பெண்களால் முடியுமா என்ற ஐயத்துக்குத் தமிழகமே விடை சொல்லியிருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் தொடங்கிய பழங்குடியினர் நலப் பணி, பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி தந்து கட்டப்பட்டது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கத்தில், சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறார்கள். வல்லுநர்கள் பின்னிருந்து வழிகாட்டுகிறார்கள்.

பழங்குடிக் குழந்தைமீது முத்திரை குத்தப்படும் என்பது இரண்டாவது மறுப்பு. இது மிகவும் கனமான கவலை. ஆனால் ‘மந்தம்’ என்ற முத்திரை மதிப்பீடு இல்லாமலே வகுப்பறையில் விழுந்துவிடுகிறது. கவனமான மதிப்பீடு அதை அகற்றவும் செய்யும்: கேட்கும் கருவி கிடைத்த குழந்தை மந்தமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

5. செய்யத்தக்கது

செம்மேட்டில் மாதம் ஒருநாள், மேற்சொன்ன மூன்று துறையினரும் ஒன்றாக அமர வேண்டும். தாயும் ஆசிரியரும் சேர்ந்து வராமல் எந்த முடிவும் எழுதப்படக் கூடாது. தாயின் அன்றைய கூலியும் பயணச் செலவும் ஈடுசெய்யப்பட வேண்டும். ஒரே அமர்வில் பெற்ற மதிப்பெண்ணைத் தற்காலிகமானதாகவே கொண்டு, ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில், வீட்டிலும் வகுப்பிலும் நாளை முதல் என்ன செய்ய வேண்டும் என்பது எளிய தமிழில் இருக்க வேண்டும். விழுக்காடு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அதற்குப் பிறகும் ஐயம் நீடிக்கும் குழந்தைகள் மட்டும் நாமக்கல்லுக்கு, முழு வரலாற்றோடு, இறங்கிவந்தால் போதும்.

நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்க 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. பெரியவர்களுக்குச் செய்ய முடிந்ததைக் குழந்தைகளுக்குச் செய்ய முடியாது என்று அது சொல்ல முடியாது. சட்டம் தந்த உரிமை, தன் ஊரிலேயே பரிசோதிக்கப்படும் உரிமையாக மாறும்வரை, கொல்லிமலைக் குழந்தை பெறும் மதிப்பெண் அதன் அறிவைப் பற்றிச் சொல்வதைவிட நம் ஏற்பாட்டின் குறையைப் பற்றியே அதிகம் சொல்லும்.