குற்றவியலும் தீவகமும்

எழுவைதீவு வாசி ஒருவர் வழக்கொன்றுக்குச் செல்லவேண்டுமாயின் படகேறி ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். அங்கே நீதவான் நீதிமன்றம் உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, கடல் நடுவில், ஒரு கோட்டையும் உண்டு. போர்த்துக்கீசர் கட்டிய அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கைத் தீவைப் பன்றித் தொடையாக உருவகித்த அவ்வணிகர் கோட்டைக்கு 'ஹமன்ஹீல்', அதாவது தொடையின் குதி, என்று பெயரிட்டனர். பிறர் நாட்டைப் பார்க்கும்போதும் அவர்களுக்கு உண்பொருளே நினைவுக்கு வந்தது போலும்! பிற்காலத்திற் சிறைச்சாலையாயிருந்த அக்கோட்டை இன்று கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி. மன்றும் சிறையும் இத்துணை அருகில் இருந்தும், குற்றம் யாது, அது ஏன் நிகழ்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்திற் பயிலலாம் என்ற செய்தி நம் மாணவரிற் பலருக்குப் புதுமையாகவே படுகிறது.

இக்கல்வி பிறந்த கதை முழுவதும் பெருமைக்குரியதன்று. 1764இல் இத்தாலியரான பெக்காரியா சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதியது நல்ல தொடக்கம். ஆனால் 1876இல் லொம்புரோசோ என்ற மருத்துவர், குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, அவன் மண்டையோடும் தாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நூல் எழுதினார். ஆளும் வர்க்கத்துக்கு இதைவிட இனிய கொள்கை வேறென்ன வேண்டும்? வறுமையைப் பற்றியும் நிலமின்மையைப் பற்றியும் பேசவேண்டியதில்லை; தாடையை அளந்தாற் போதும்! பிரித்தானிய ஆட்சியினரோ அந்நூலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1871இல், இந்தியாவிற் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றி முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாக்கினர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதனை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரிலே துப்பாக்கி வெடித்தது.

லொம்புரோசோவுக்குத் தக்க மறுமொழி, கடற்கோட்டைக்குப் பெயரிட்டவர்களின் நாட்டிலிருந்தே வந்தது. 1905இல் வில்லம் பொங்கர் என்னும் மார்க்சியர், குற்றத்தைப் பொருளாதார நிலைமைகளோடு இணைத்து ஆராய்ந்தார். 1940இல் நாஜிப் படைகள் தம் நாட்டுள் நுழைந்தபோது அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நம் நாட்டில் இக்கல்வி அரசியலோடு நேருக்குநேர் மோதிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. தூக்கு நின்றதாற் கொலை பெருகிற்றா என்பதை ஆராய ஒரு விசாரணைக்குழு அமைந்தது. நியூசிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் சட்டம் கற்பித்துவந்த குற்றவியலறிஞர் நோர்வல் மொரிஸ் அதன் தலைவர். ஆத்திரத்தையும் அச்சத்தையும் ஒதுக்கிவிட்டு, கொலைக் கணக்குகளை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்ப்பதே அவர்கள் வேலை. தூக்கை நிறுத்தியதற்கும் கொலைகளின் தொகைக்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை, அத்தண்டனையை மீண்டும் கொண்டுவர வேண்டியதில்லை என்பதே 1959இல் வெளிவந்த அறிக்கையின் சாரம்.

அதே 1959 செப்டெம்பர் 25இற் பிரதமர் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். தூக்கை நிறுத்தியவரே கொலையுண்டபின் அறிக்கையை யார் படிப்பார்? அவ்வாண்டு முடியுமுன்னரே தூக்குத் தண்டனை, முன்னர் நிகழ்ந்த கொலைகளுக்கும் பொருந்துமாறு, மீண்டும் சட்டமாயிற்று. அவசரத்தில் எழுதிய அச்சட்டம் சதிக்குற்றத்தைச் சரிவர அடக்கவில்லையெனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், சதிகாரர் இருவரின் மரண தண்டனையை ஆயுட்சிறையாக மாற்றியது. சுட்ட சோமராம மட்டும் 1962 ஜூலை 6இல் தூக்கிலிடப்பட்டார். 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லையாயினும் தண்டனை சட்டத்தில் இருந்துகொண்டேயிருக்கிறது.

மொரிஸ் பின்னர் தோக்கியோவிலுள்ள ஐக்கிய நாடுகளின் குற்றத்தடுப்பு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அத்தகைய உயரம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. எனினும் பிழைக்க வழியுள்ள கல்விதான் இது. இந்தியாவிற் சாகர் பல்கலைக்கழகம் 1959இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1960களிலும் இதனைக் கற்பிக்கத் தொடங்கின. இலங்கையில் ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இது பாடமாக உண்டு. கற்றவர்கள் நன்னடத்தை உத்தியோகத்தராகவும், சிறைச்சாலைப் புனர்வாழ்வு உத்தியோகத்தராகவும், பொலிசிலும், மனித உரிமை அமைப்புகளிலும், ஆய்விலும் பணிபுரியலாம். இரத்தக்கறையையும் நஞ்சையும் சோதிக்கும் பணியை விரும்புவோர் இரசாயனம் முதலிய விஞ்ஞானமும் கற்றிருத்தல் வேண்டும். பட்டம் மட்டும் வேலை தந்துவிடாது, போட்டிப் பரீட்சை குறுக்கே நிற்கும் என்பதையும் மாணவரிடம் மறைத்தலாகாது. நன்னடத்தைச் சட்டம் 1944 முதல் நம்மிடம் உண்டு. ஆனால் சிறுவனொருவன் மன்றில் நிற்கும்போது அவன் வீட்டுக்குச் சென்று, தாயோடு தமிழிற் பேசி, அவன் ஏன் திருடினான் என்று எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தீவகத்தின் வாழ்வை அறிந்தவராயிருந்தால் எவ்வளவு நன்று!

ஆராயத் தீவகத்திற் பொருள் குறைவில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகிற் பயணஞ்செய்த நெடுந்தீவு மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை. 2015இற் புங்குடுதீவில் நிகழ்ந்த மாணவி கொலைக்கு 2017இல் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்று தூக்கையே வேண்டிநின்ற மக்களின் கொதிப்பு நியாயமானது. அக்கொதிப்பின் நடுவிலும் மொரிஸ் குழுவின் கணக்கைப் படித்துக்காட்டும் துணிவு குற்றவியல் மாணவனுக்கு வேண்டும். படகுக் கொலையையும் இதையும் அருகருகே வைத்து, யார் செய்தாற் குற்றம் தண்டிக்கப்படுகிறது என்று கேட்கவும் வேண்டும்.

1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலிலே ஒரு கோடு கீறின. நேற்றுவரை தொழிலாயிருந்தது கோட்டுக்கு அப்பாற் குற்றமாயிற்று. அதைத் தாண்டிப் பிடிபடும் தமிழ்நாட்டு மீனவர் ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தப்படுகின்றனர். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. அம்மடிகளால் வலையறுந்த தீவக மீனவனும் ஏழை; படகிற் கூலிக்கு வந்து விளக்கமறியலில் இருப்பவனும் ஏழை. விசைப்படகின் முதலாளி மட்டும் அக்கரையில் இருக்கிறான்.