உண்ணிச்செடியில் எழுந்த யானைகள்

குறிஞ்சியைப் பாடிய நம் முன்னோர்க்கு யானை அயலான விலங்கன்று. தினைப்புனத்து மக்களுக்கு அச்சமும் வியப்பும் ஒருங்கே தந்த அண்டை உயிராகும். அவ்வுறவு இன்றும் தொடரும் நிலங்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். தேயிலைத் தோட்டமும் காடும் ஊரும் பின்னிக் கிடக்கும் அங்கே, மனிதரும் யானைகளும் ஒரே வழியில் நடக்கின்றனர். இரு பக்கமும் உயிரிழப்பு நேர்கிறது.

அம்மண்ணில் பிறந்த ஒரு பொதுக்கலையின் வரலாறு ஒரு செடியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க வெப்பநிலங்களுக்குரிய உண்ணிச்செடியை, அதன் பல்வண்ணப் பூக்களுக்காக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். பறவைகள் கனியுண்டு விதை பரப்ப, அது தோட்டம் கடந்து காடு புகுந்தது. புதராய் அடர்ந்து புல்லை ஒடுக்கியது. அதன் இலை கால்நடைக்கு நஞ்சு; யானைக்கும் அது தீனியாவதில்லை. காடு பசுமையாகத் தோன்றியது, மேய்ச்சலோ சுருங்கியது.

அச்செடியையே பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடி மக்கள் கலைப்பொருளாக்கினர். தண்டுகளை வேகவைத்து, பட்டையுரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்தி முழு அளவு யானைகளைச் சமைத்தனர். இவை கற்பனை உருவங்கள் அல்ல. அம்மக்கள் நேரில் கண்டறிந்த யானைகளின் சாயல்கள். அவர்களுக்கு இது கூலி தரும் தொழிலுமாயிற்று.

2021இல் இவ்யானைகள் இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 தொடக்கத்தில் பெங்களூர் லால்பாக்கிற்கு வந்தன. அதே ஆண்டில் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் பயணத்தைத் தொடங்கி, 2025இல் மேற்குக் கரையை அடைந்தன. அழகுக்கென வந்து காட்டை விழுங்கிய செடி, யானையுருவில் தன் தாய்நிலம் கண்டது! விற்பனையில் கிடைத்த பொருள் வனவுயிர்க் காப்புப் பணிக்கு உதவியது.

எனினும் மிகைபடக் கூறுதல் தகாது. சிற்பங்களுக்கென வெட்டும் செடி, காட்டில் மண்டியதன் ஒரு சிறு துளியே. மேலும், பூங்காவில் நிற்கும் யானை எவர் வாழையையும் மிதிப்பதில்லை. அதை நேசித்தல் எளிது. இரவில் முற்றத்தில் நிற்கும் யானையைப் பொறுத்துக்கொள்பவரின் நேசமே அரியது. அப்பொறுமையை உலகின் முன் வைத்ததே இக்கலையின் பெரும்பணி என்பேன்.

யானையை உவமையாகவே கையாளும் கவிஞர்களாகிய நாம் இங்கே எண்ணிப் பார்க்க ஒன்றுண்டு: நம் பாடலில் வரும் யானை எந்த யானை? கூடலூர்க் கைகளுக்கு அதற்கு விடை தெரியும்.