கூலியும் தெருவும்: பாப்ளர் வழக்கை மீண்டும் வாசித்தல்

ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் வழக்கில் பிரபுக்கள் அவை 1925 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பு, பெரும்பாலும் அட்கின்சன் பிரபுவின் ஒரே வாக்கியத்தின் வழியாக வாசிக்கப்பட்டு வருகிறது. கிழக்கு லண்டனின் பாப்ளர் நகர மன்றம் வயது வந்த ஊழியர் ஆண் பெண் அனைவருக்கும் வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி வழங்கியதை, அவர் சோசலிசக் கொடையுணர்வின் கோணல் என்றும் பெண்ணிய ஆசை என்றும் பழித்தார். தீர்ப்பு முழுவதும் நீதிபதிகளின் வர்க்கச் சாய்வே என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. அம்முடிவில் உண்மை உண்டு. ஆனால் ஒரு மன்றத்தின் கூலி முடிவைத் தணிக்கையாளர் கிளறலாம், தெருப்பணி முடிவைப் பொதுவாகக் கிளறுவதில்லை என்ற பாகுபாடு எப்படி வேரூன்றியது என்பதை அது விளக்குவதில்லை.

1855ஆம் ஆண்டின் பெருநகர மேலாண்மைச் சட்டம், 62ஆம் பிரிவில், ஊழியர்களை அமர்த்தித் தான் தக்கதெனக் கருதும் சம்பளத்தையும் கூலியையும் தரும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு அளித்தது. தெருக்களுக்குக் கல் பாவுவதும் பழுதுபார்ப்பதும் அதே சட்டம் சுமத்திய கடமைகள். கூலிக்கு உச்சவரம்பையோ சந்தை ஒப்பீட்டையோ 62ஆம் பிரிவு குறிக்கவில்லை. 1922 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கில் ஏறத்தாழ 17,000 பவுண்டு மிகைக்கூலி என்று கண்ட மாவட்டத் தணிக்கையாளர், அதில் 5,000 பவுண்டை உறுப்பினர்களின் சொந்தப் பொறுப்பில் சுமத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை மன்றத்தின் பக்கம் நின்றது. பிரபுக்கள் அவை அதைத் தள்ளியது.

வழக்கின் மையச் சான்று மன்றத்தின் சார்பில் தாக்கலான பிரமாணப் பத்திரம். பொது அமைப்பு முன்மாதிரி முதலாளியாக இருக்க வேண்டும், வயது வந்தவருக்குத் தரத்தகும் மிகக் குறைந்த கூலி 4 பவுண்டு என்கிறது அது. உடனே, இம்முடிவுக்கு வருகையில் கருத்தில் கொண்டவற்றையும் அடுக்குகிறது: தொழிலாளரின் செயல்திறன், வரி செலுத்துவோருக்கும் ஊழியருக்கும் உள்ள கடமை, கூலியின் வாங்கும் சக்தி. தீர்ப்பளித்தோரில் ஒருவரான பக்மாஸ்டர் பிரபுவின் பார்வையில் இது மனம்போன போக்கில் நிர்ணயித்த தொகை. விருப்புரிமையின் உண்மையான பயன்பாடாகாது. வழக்கைப் பாப்ளருக்கு அனுதாபத்துடன் எழுதியோர்கூடப் பத்திரத்தின் முதற்பாதியை, அதாவது முன்மாதிரி முதலாளி என்ற அறைகூவலை மட்டும் எடுத்தாண்டு, பிற்பாதியை வழக்கறிஞரின் சம்பிரதாயமாக ஒதுக்கினர். இங்கேதான் அவர்களும் நீதிபதிகளும் ஒரே வாசிப்பில் வந்து நிற்கிறார்கள்.

அந்தப் பிற்பாதியைப் பொருட்படுத்தக் காரணம் உண்டு. 4 பவுண்டு நிர்ணயமானது 1920 மே மாதத்தில். அதன் பிறகும் விலைகள் ஏறி, வாழ்க்கைச் செலவுக் குறியீடு அவ்வாண்டு நவம்பரில் போருக்கு முந்திய நிலையைவிட 176 விழுக்காடு உயர்ந்து நின்றது. 1922 வசந்தத்தில் அவ்வுயர்வு எண்பது சொச்சமாகத் தணிந்தது. விலை இறங்கியும் கூலி இறங்காததைத் தீர்ப்பு குற்றமாக்குகிறது. விலை ஏறியபோதும் அந்தத் தளம் அதே 4 பவுண்டாக இருந்தது என்பதற்கு அது எடை தரவில்லை. குறியீட்டோடு ஏறவும் இறங்கவும் வேண்டிய விலையாக மன்றம் கூலியைக் கருதவில்லை; வாழ்வின் அடித்தளமாகக் கருதியது. அக்கருத்து தவறாகவே இருக்கலாம். ஆனால் அது ஒரு கொள்கை. மனம்போன போக்கு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. ஒரே ஆவணத்தின் மீது இவ்வளவு பாரம் ஏற்றுவதில் எச்சரிக்கை தேவை. எனினும் கிடைத்த காலவரிசை இவ்வாசிப்பையே தாங்குகிறது. பத்திரம் சட்ட வல்லுநர் கை பட்டது என்ற மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: எல்லாப் பிரமாணப் பத்திரங்களும் அப்படித்தான்.

தீர்ப்பளித்தோரில் அட்கின்சனைவிட ஊன்றிப் படிக்க வேண்டியவர் சம்னர் பிரபு. தெருவோரப் பொதுக் கழிப்பிடம் தேவையா, எங்கே அமைய வேண்டும் என்பன போன்ற நடைமுறைக் கேள்விகளில் நீதிமன்றம் தலையிடத் தயங்குவதை அவர் ஒப்புகிறார். அவற்றை எடைபோடும் தகுதி நீதிமன்றத்துக்குப் போதாது என்பதே காரணம். மன்றத்துக்குத் தன்னாட்சி உண்டு என்பதற்காக அல்ல. கூலியோ, சந்தையில் ஒப்பிடக் கிடைக்கும் எண். எனவே தகுதிக்குறை இங்கே எழவில்லை. பாகுபாட்டின் ஊற்று இதுவே: சட்டத்தின் சொற்களைவிட, எதை எளிதாக அளக்க முடிகிறது என்பதே எல்லையை வரைந்தது.

உள்ளாட்சிக் கணக்கில் இந்த எல்லை நிற்பதில்லை. தெருவைக் கூட்டுவதும் கல் பாவுவதும் பெரும்பகுதி ஆள்கூலி. பாதையின் செலவைக் கூலியிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. பிரிட்டிஷ் அரசே இதை அறிந்திருந்தது. 1920 டிசம்பரில் அமைந்த வேலையின்மை மானியக் குழு, சாலை உள்ளிட்ட நிவாரணப் பணிகளுக்கு உதவியபோது, தகுதிகாண் காலத்தில் திறன்சாராத் தொழிலாளருக்கு உள்ளாட்சியின் வழக்கமான கூலியில் 75 விழுக்காட்டுக்கு மேல் தரக் கூடாது என நிபந்தனை விதித்தது. சாலைப்பணி இங்கே கூலிக்கொள்கையின் கருவி. நீதிமன்றம் தனித்தனியாகக் கண்ட இரண்டும் நிர்வாகத்தில் ஒரே ஏட்டின் பதிவுகள்.

தீர்ப்பு பிற்காலத்தில் தளர்ந்துவிட்டதால் இவ்விவாதம் பழங்கதை என்போர் காம்டன் வழக்கைக் காட்டுவர். 1979 வேலைநிறுத்தத்தில் லண்டனின் காம்டன் மன்றம் உடல் உழைப்புத் தொழிலாளருடன் 35 மணி நேர வாரத்துக்கு 60 பவுண்டு குறைந்தபட்சம் என உடன்பட்டதை, 1980களின் தொடக்கத்தில் நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் அங்கும் விசாரணை நடந்தது கூலி மீதுதான். அந்த உடன்பாட்டை மன்றம் காரணம் காட்டித் தற்காக்க வேண்டியிருந்தது. சம்னர் வரைந்த எல்லை காம்டனில் அழியவில்லை. அதன் இப்பால் நின்ற மன்றம் அம்முறை வென்றது, அவ்வளவே.