செவி நமது, குரல் எவரது?

வானொலியின் வரலாறு என்றதும் நிலையங்கள் தோன்றிய ஆண்டுகளையும் அறிவிப்பாளர்களின் பெயர்களையும் அடுக்கிச் செல்வது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் கேட்டது என்பதோடு, அதனைப் பேசவிட்டவர் எவர் என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது கேள்வியே தலையாயது.

கொழும்பில் 1925 டிசெம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் வீரர்களுக்கென வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பை இலங்கையில் நிறுவியது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தலைப்பட்டதும், இந்திய நேயர்களும் விளம்பரதாரரும் கொழும்பை நாடினர். போருக்கென வந்த கருவிகள் வாணிபத்துக்குக் கைகொடுத்தன.

இவ்வளவிலும் யாழ்ப்பாணத்தின் பங்கு யாது? வாசிகசாலையிலும் தேநீர்க்கடையிலும் வசதி படைத்தோர் வீட்டு விறாந்தையிலும் கூடியிருந்து கேட்டதே அதன் பங்கு. ஊர்ப் பெயர்கள் நாள்தோறும் ஒலித்த ஓரிடம் மரண அறிவித்தல். இறந்தபின் ஊரின் பெயர் காற்றில் ஏறியது. உயிரோடிருந்தவர் பேச்சு ஏற நெடுங்காலம் சென்றது.

அந்த வாயிலைத் திறந்தது நாடகம். ‘சானா’ என அறியப்பட்ட சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’, பின்னாளில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஆகியவை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை வானொலியில் நிலைபெறச் செய்தன. மக்கள் வழக்கில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டித மரபினர் சிலர் பழித்ததும், முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்துப் போராடியதும் 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்தவை. ஏட்டில் நடந்த அப்போருக்கு, எழுத்தறியாதவரும் கேட்டு மகிழ்ந்த இந்நாடகங்கள் துணை நின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் வந்தன. குடாநாட்டார் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனா பூட்டிக் கடல் கடந்து வந்த தூர்தர்ஷனையும் பார்த்தனர். வடக்குக்கு ரூபவாகினியை அஞ்சல் செய்த கொக்காவில் நிலையம் 1990 ஜூலைப் போரில் அழிந்தது. அங்கே 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் எழுந்தது 2011இல். இடைப்பட்ட காலம் இருளின் காலம். மின்சாரம் துண்டிக்கப்பட்டது, மின்கலங்கள் தடைப்பட்ட பொருள்களாயின. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டனர். தம் ஊரில் விழுந்த குண்டின் செய்தியைத் தம் கை உழைப்பால், அயல்நாட்டு வானொலியிலிருந்து பெற வேண்டிய நிலை!

1990 நவம்பரில் ‘புலிகளின் குரல்’ ஒலிக்கத் தொடங்கியது. மண்ணிலிருந்தே எழுந்த வானொலிதான். ஆயினும் அது ஓர் இயக்கத்தின் குரல். மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. அரசின் ஒலிவாங்கிக்கும் இயக்கத்தின் ஒலிவாங்கிக்கும் நடுவே சாதாரண மனிதன் கேட்பவனாகவே எஞ்சினான்.

1998இல் கொழும்பில் சூரியனும் சக்தியும் எழுந்தன. பண்பலையின் வரவோடு நிகழ்ச்சிகளின் உருவமும் மாறிற்று. நேரம் வகுத்துச் செய்தி, உரைச்சித்திரம், நாடகம் என்று நடந்த ஒலிபரப்பின் இடத்தை இருபத்துநான்கு மணிநேரப் பாட்டும் பகிடியும் விளம்பரமும் பிடித்தன. நேயர் தொலைபேசியில் பேசலாம். ஆனால் விரும்பிய பாட்டைக் கேட்பதற்கும் வாழ்த்துச் சொல்வதற்குமே பெரும்பாலும் அந்த உரிமை. போரின்பின் யாழ்ப்பாணத்திலிருந்தே டான் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. நிலையம் ஊருக்கு வந்தது நன்றே. ஆனால் நிலையம் ஊரில் இருப்பதும் ஊர் நிலையத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

ஊர் என்பதுதான் எது? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நுழைவுரிமை கேட்டு நின்றோரும் ஊரவரே. குருநகர்க் கடற்றொழிலாளியும், வெங்காயத் தறையில் களை பிடுங்கும் பெண்ணும், சீவல் தொழிலாளியும் ஊரவரே. இவர்களைப் பற்றி எவரோ பேசுவது போதாது. இவர்களே தம் கூலியைப் பற்றி, தம் கடலைப் பற்றி, தமக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிப் பேசுதல் வேண்டும். இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. கோபுரத்துக்குக் காத்திராமல் அந்தக் குரல்களைப் பதியலாம். அழிந்துவரும் வானொலி நாடகப் பிரதிகளைத் தேடிப் பேணலாம். மக்களே நடத்தும் சமுதாய வானொலிக்கு உரிமம் கோரலாம். ஆசிரியரும் மாணவரும் கைகோத்தால் இது ஆகாத காரியமன்று. நூறாண்டு கேட்ட சமுதாயம் இனிப் பேசட்டும்.