பாலும் அடுப்பும்

கிரீன் டீ பாக்கெட், முகத்துக்குப் பூசும் கிரீம், மாத்திரை டப்பா என எங்கு பார்த்தாலும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல் தென்படுகிறது. சர்க்கரை நோயாளிகள் பலர் அதை நம்பி வாங்குகிறார்கள். அந்தச் சொல் யாரை விரட்டக் கிளம்பியதோ, அந்தப் பகையின் கதை 1774-இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். அதில் மெழுகுவத்தி மளமளவென்று எரிந்தது. இதையே சுவாசித்தால் நம் ஆயுளும் இப்படி விரைவில் கரைந்துவிடுமோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது.

1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் வேறொரு சேர்மத்தைத் தயாரிக்கப் போனார். கையில் சிக்கியதோ, ஜோடியில்லாத எலக்ட்ரானுடன் அலையும் ‘ஃப்ரீ ராடிக்கல்’. வேதியியலாரின் குடுவைக்குள் கிடந்த அதை 1954-இல் உடலோடு இணைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த ரெபேக்கா கெர்ஷ்மன். எக்ஸ்-கதிரும் மிகையான ஆக்சிஜனும் ஃப்ரீ ராடிக்கல் என்ற ஒரே ஆயுதத்தால்தான் உடலைத் தாக்குகின்றன என்றார் அவர். பிரீஸ்ட்லியின் ஐயத்துக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

மாட்டு ரத்தத்தில் 1938-இலேயே கண்டெடுத்த ஒரு செம்புப் புரதம், என்ன வேலை செய்கிறதென்று தெரியாமலே கிடந்தது. சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலை அழிப்பதே அதன் பணி என்று 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். காவலுக்கு ஆள் இருக்கிறதென்றால் திருடனும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்றுதானே பொருள்!

அந்தத் திருடன் எதைக் களவாடுகிறான் என்பது ஒரு தவற்றால் தெரியவந்தது. 1978-இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிவிட, சுருங்க வேண்டிய முயலின் ரத்தக்குழாய் விரிந்தது. குழாயின் உள்படலம் அனுப்பும் ஒரு செய்தியே அதற்குக் காரணம். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் அந்தச் செய்தி எனப் பின்னர் தெரிந்தது. அதை சூப்பர் ஆக்சைடு நொடியில் சிதைத்துவிடுகிறது. வெடிமருந்தான நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலியைத் தணிப்பதும் இதே வாயுவால்தான். டைனமைட்டால் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினை மருந்தாகச் சொன்னார்கள். 1998-இல் அவர் பெயரிலான பரிசு இந்த வாயு உடலில் செய்தி சொல்வதைக் கண்டறிந்த மூவருக்குக் கிடைத்தது.

இதற்குள், ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயரில் வைட்டமின் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் 2000-இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் பலர் உட்பட 9,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது வைட்டமின் ஈ மாரடைப்பைக் குறைக்கவில்லை.

ஏன் என்பதற்கு மறு ஆண்டே ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ ஒரு விளக்கம் தந்தார். ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, ரத்தக்குழாயின் உள்படலச் செல்லுக்குள் அளவின்றிக் குளுக்கோஸ் நுழைகிறது. அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சூப்பர் ஆக்சைடைப் பொங்க விடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய் இறுகுகிறது, அழற்சி வருகிறது, கொழுப்பு படிகிறது.

அடுப்பைத் தணிக்காமல் பொங்கும் பாலை ஊதிக்கொண்டே இருந்தால் பால் அடங்குமா? டப்பாவில் விற்கும் மாத்திரை ஊதுகிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது, நாள்தோறும் நடப்பது, புகைப்பதைக் கைவிடுவது, மருத்துவர் தந்த மருந்தைத் தவறாமல் உண்பது ஆகியவைதான் அடுப்பைத் தணிக்கும். உங்கள் காசையும் அக்கறையையும் அங்கே செலவிடுங்கள்.