புரதமா, சோறா? ஒரு பழைய சண்டையின் கதை

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்குப் பிரியாணிக் கடைகள் எல்லாம் அத்துப்படி. ஆனால் தார்நாக்கா பக்கம் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். அது பிறந்தது நம்ம குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஒற்றை அறையில் ஆரம்பித்தது. வளர்ந்து பெரிதாகி 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மை மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

ஆபீசில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், ஜிம்முக்குப் போகும் நண்பர்கள் சாம்பார் சாதத்தைப் பாவமாகப் பார்க்கிறார்கள். "இதில் புரோட்டீன் எத்தனை கிராம்?" என்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் உலகமே கேட்டது. அதற்கு ஒரு நல்ல பதில் இந்த ஊரில் இருந்துதான் போனது. அந்தக் கதை இது.

1930-களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலை பார்த்தார். கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளைப் பார்த்தார். பெரும்பாலும் அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, சோளக் கஞ்சியில் விடப்பட்ட பிள்ளைகள். அங்கத்திய மக்கள் அந்த நோயைச் சொல்லும் 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே 1935-ல் மருத்துவ உலகத்துக்கு எழுதினார். புரதம் குறைவதால் வரலாம் என்பது அவர் ஊகம்.

அந்த ஊகம் இருபது வருடத்தில் பெரிய கொள்கையாகிவிட்டது. 1955-ல் ஐ.நா. அமைப்புகளுக்குப் புரத ஆலோசனைக் குழு வந்தது. 1968-ல் 'புரத நெருக்கடி வருகிறது' என்று ஐ.நா.வே அறிக்கை விட்டது. மீனை அரைத்து மாவாக்கினார்கள். பெட்ரோலியக் கழிவில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுக்கப் பார்த்தார்கள். நம் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமும் கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து 'பல்நோக்கு உணவு' என்று ஒரு மாவு செய்தது. ஏழை நாட்டுக் குழந்தைக்குக் குறைவது புரதம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

சந்தேகப்பட்டவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் சேர்ந்து, ஆய்வகத்தோடு ஹைதராபாத் வந்து, அதன் இயக்குநர் ஆனவர். (2019-ல் தன் நூறாவது வயதில் காலமானார்.) அவரும் கூட இருந்தவர்களும் செய்தது எளிமையான காரியம். ஏழைக் குழந்தைகள் நிஜமாகவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். அரிசி, சோளம், கொஞ்சம் பருப்பு. அந்தச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டால் தேவையான புரதம் ஏறக்குறைய அதிலேயே வந்துவிடும். வயிறு நிறையவில்லை என்பதுதான் பிரச்சினை. பற்றாக்குறை முதலில் கலோரியில். ஐ.நா. உணவு அமைப்பில் புள்ளியியல் துறைக்குத் தலைவராக இருந்த பி.வி. சுகாத்மேயும் கணக்குப் போட்டு இதையேதான் சொன்னார்.

கலோரி போதாவிட்டால் புரதம் என்ன ஆகும்? உடம்புக்கு முதல் தேவை எரிபொருள். அது கிடைக்காவிட்டால், தசை கட்ட வேண்டிய புரதத்தையே எடுத்து எரித்துவிடும். விறகு இல்லாத வீட்டில் நாற்காலியை உடைத்து அடுப்பெரிப்பது மாதிரி. அரைவயிற்றுக் குழந்தைக்கு விலை உயர்ந்த புரத மாவைக் கொடுத்தால் அதில் பெரும்பங்கு அடுப்புக்குத்தான் போகும்.

வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகத் தினமும் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த தின்பண்டம். அதில் சுமார் 300 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். அதைச் சாப்பிட்ட குழந்தைகள் சாப்பிடாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் நன்றாக வளர்ந்தார்கள். 1973-ல் முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு புரதத் தேவையின் அளவைக் குறைத்தது. அடுத்த வருடமே டொனால்ட் மெக்லாரன் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் இந்த மொத்த விவகாரத்தையும் 'மாபெரும் புரதப் படுதோல்வி' என்கிற பொருளில் தலைப்பிட்டுப் பிரித்து மேய்ந்தார். 1977-ல் புரதக் குழுவையே மூடிவிட்டார்கள்.

இத்தனை வருடம் இதை ஏன் யாரும் கேட்கவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். குழந்தைக்குப் புரதம் போதவில்லை என்றால் டின்னில் அடைத்துக் கொடுக்கலாம், தொழிற்சாலை கட்டலாம், விற்கலாம். குழந்தைக்குச் சோறே போதவில்லை என்றால் அப்பனுடைய கூலியைப் பற்றிப் பேச வேண்டிவரும். முதலாவது சுலபம்.

1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு 300 கலோரி, 8 முதல் 10 கிராம் புரதம் என்று வைத்தார்கள். நம் ஊரில் 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவிலும் பவுடர் இல்லை, தட்டில் சோறும் பருப்பும்தான்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ புரதமே வேண்டாம், ஒரு படி சோறு போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கலோரிப் பஞ்சம் கிடையாது. நம் தட்டில் அரிசி அதிகம், பருப்பு தண்ணீர். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்யும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல கணக்கு.

ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது இதே நிறுவனம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம். 200 கிராம் அரிசியில் 15, 60 கிராம் துவரம்பருப்பில் 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, 300 மில்லி பால் அல்லது தயிரில் 9, ஒரு முட்டையில் 6. கூட்டிப் பாருங்கள், 50 வந்துவிட்டது. (கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், நோயாளிகள் கணக்கு வேறு, டாக்டரிடம் கேளுங்கள்.)

2024-ல் இந்த நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஏழைக் குழந்தைகளுக்கென்று செய்த டப்பா, இன்று வசதியானவர்களுக்கென்று அலமாரி ஏறியிருக்கிறது. அடுத்த முறை ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை வாங்கும் முன்னால், சாம்பாரில் பருப்பைக் கொஞ்சம் கெட்டியாகப் போடச் சொல்லிப் பாருங்கள்.