தள்ளுவண்டி தர்மம்

எனக்கும் என் அத்தானுக்கும் இந்த இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மனஸ்தாபம் வந்திருக்கிறது. அது ஒரு ராத்திரிகூட நீடிக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெரிய கடைகளில் சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறோமே, அந்தக் கம்பித் தள்ளுவண்டிதான் காரணம்.

அமெரிக்காவில் மிஸௌரி ராஜ்யத்தில் கான்ஸாஸ் நகரத்துக்கு வெளியே என் அக்காளும் அத்தானும் குடியிருக்கிறார்கள். ஒரு மார்கழியில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள் சாயங்காலம், "கடைக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா மாப்பிள்ளை?" என்று அத்தான் கூப்பிட்டார். போனேன். அரிசி, பால், காய்கறி என்று வண்டி நிறைய வாங்கினோம். வெளியே வந்தால் குளிர் காதைக் கடித்தது. கார் நிறுத்தும் மைதானம் முழுவதும் பனி. சாமான்களைக் காரில் ஏற்றிவிட்டு, காலி வண்டியைப் பக்கத்திலிருந்த பனிக் குவியலில் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். ஓட்டமாக வந்து காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினார். வண்டிகளைக் கொண்டு விடுவதற்கென்று அந்த மைதானத்தில் கம்பித் தடுப்புப் போட்ட பட்டிகள் உண்டு. அருகிலிருந்த பட்டி முப்பது நாற்பது கார்களுக்கு அப்பால் இருந்தது. அத்தனை தூரமும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வீடு வந்து சேரும்வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? வண்டிகளைத் திரட்டுவதற்கென்றே கடையில் சிப்பந்தி இருக்கிறான், அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எல்லாரும் அவரவர் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அவன் பிழைப்பு என்ன ஆவது? இப்படியெல்லாம் மனத்துக்குள் வாதாடினேன். தன் கட்சி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவன்தான் இவ்வளவு வாதாடுவான்.

கோபம் வந்தால் புத்தகத்தைத் தேடிப் போவது என் சுபாவம். மறுநாள் காலையில் அந்த ஊர்ப் புத்தகசாலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். தள்ளுவண்டிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் வாழ்க்கையின் சரித்திரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

நம் ஊர் மளிகைக் கடையில் நாம் வெளியே நின்றுகொண்டு, "துவரம் பருப்பு ஒரு கிலோ, மிளகு நூறு கிராம்" என்று சொல்ல, உள்ளேயிருந்து கடைக்காரர் நிறுத்துக் கட்டித் தருகிறார் அல்லவா? அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சாமானெல்லாம் கடைக்காரனுக்குப் பின்னால். வாங்குகிறவர் மேஜைக்கு முன்னால். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டென்னஸி ராஜ்யத்து மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர் இந்த வழக்கத்தை உடைத்தார். அவருடைய 'பிக்லி விக்லி' கடையில் ஜனங்கள் கையில் ஒரு கூடையுடன் உள்ளே நுழைந்து, வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு, வெளியே போகும்போது பணம் கொடுத்தார்கள். சிப்பந்திகளின் வேலையில் ஒரு பகுதி அன்றைக்கு வாடிக்கைக்காரரின் தலையில் ஏறிற்று. அவரும் சந்தோஷமாகச் சுமந்தார். கூலியில் மிச்சமானதால் விலையைக் குறைக்க முடிந்ததே!

ஆனால் கூடைக்கு ஒரு குணம் உண்டு. நிறைந்தால் கனக்கும், கனத்தால் கை வலிக்கும், கை வலித்தால் மனிதன் வாங்குவதை நிறுத்திவிடுவான். ஒக்லஹோமா நகரத்தில் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற கடைகளை நடத்திவந்த ஸில்வன் கோல்ட்மன் இதைக் கவனித்தார். 1936-ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு, தம்முடைய ஆபீஸ் அறையில் கிடந்த ஒரு மடக்கு நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உட்காரும் இடத்தில் ஒரு கூடை, அதற்குக் கீழே இன்னொரு கூடை, கால்களில் சக்கரம் வைத்தால் என்ன? கடையில் வேலை பார்த்த பிரெட் யங் என்ற கைவினைக்காரரைக் கூட்டிக்கொண்டு அப்படியே ஒரு வண்டி செய்து பார்த்தார்.

1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி வண்டிகள் கடைக்கு வந்தன. பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, கூட்டம் வந்து மோதும் என்று கோல்ட்மன் ஆவலோடு காத்திருந்தார். கூட்டம் வந்தது; வண்டியைத் தொடத்தான் ஆள் இல்லை! வாலிபர்களுக்கு, கூடை தூக்கக்கூடத் தெம்பில்லையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வெட்கம். பெண்களுக்கோ, குழந்தை வண்டி தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்தது போதாதா, கடையிலும் ஒன்றைத் தள்ள வேண்டுமா என்று அலுப்பு. வயதானவர்களுக்குத் தங்களைத் தள்ளாதவர்கள் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று கவலை.

கோல்ட்மன் ஒரு யுக்தி செய்தார். இளைஞர், நடுத்தர வயதினர், ஆண், பெண் என்று சிலரைக் கூலிக்கு அமர்த்தினார். கடை வாசலுக்கருகில் வண்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது, அவ்வளவுதான் அவர்கள் வேலை. "அதோ பாருங்கள், எல்லாரும் தள்ளுகிறார்களே, நீங்களும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே" என்று வருகிறவர்களிடம் சொல்ல வாசலில் ஒரு பெண்ணையும் நிறுத்தினார். யுக்தி பலித்தது! 1940-ஆம் ஆண்டில் கோல்ட்மனுக்கு அந்த மடக்கு வண்டிக்கான உரிமைப் பட்டயமும் கிடைத்தது. பிறரைப் பார்த்துத்தான் மனிதன் வண்டியைக் கையில் எடுத்தான் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோல்ட்மனுடைய வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூடைகளை எடுத்து அடுக்கி, சட்டத்தை மடக்கிச் சாத்த வேண்டும். அடுத்தவர் வந்தால் மறுபடியும் விரித்துப் பூட்ட வேண்டும். இதற்கு வழி கண்டவர் நான் உட்கார்ந்திருந்த அதே கான்ஸாஸ் நகரத்துக்காரர் என்று படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஆர்லா வாட்ஸன் என்பது அவர் பெயர். 1946-ஆம் ஆண்டில் வண்டியின் பின்பக்கத்துக் கம்பிவலையைக் கதவு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்தார் அவர். ஒரு வண்டியை இன்னொன்றுக்குள் செருகினால் கதவு தானே மேலே எழும்பி இடம் கொடுத்துவிடும். கோல்ட்மனும் அதே மாதிரி ஒன்றுக்கு உரிமை கேட்டதால் தகராறு வந்தது. 1949-ஆம் ஆண்டில் சமாதானம் ஆயிற்று. கோல்ட்மன் தம் பாத்தியதையை விட்டுக்கொடுத்தார். அந்த மாதிரி வண்டி செய்து விற்க அனுமதி பெற்றுக்கொண்டார்.

வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ள ஆரம்பித்த பிற்பாடுதான் நம் வழக்கே ஆரம்பமாகிறது. யுத்தம் முடிந்து ஜனங்கள் நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வீடு கார் வந்தது. கடைகளும் பின்னாலேயே போய், சுற்றிலும் பெரிய மைதானத்தை வளைத்துக்கொண்டன. கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்த வண்டி மைதானத்துக்கு வந்தது. வந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது யார் பொறுப்பு? ஸாண்டர்ஸ் காலத்தில் சாமான் எடுக்கும் வேலை நம்மிடம் வந்தபோது விலை குறைந்தது, அதனால் ஏற்றுக்கொண்டோம். வண்டியைத் திருப்பி விடும் வேலைக்கோ எந்த லாபமும் கிடையாது. விடாவிட்டால் தண்டனையும் கிடையாது.

மனிதனை நம்பிப் பயனில்லை என்று கண்ட சில வியாபாரிகள் பூட்டுப் போட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த 'ஆல்டி' கடைகளில் வண்டிகள் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைந்திருக்கும். ஒரு நாணயத்தைச் செருகினால்தான் வண்டி விடுபடும். திருப்பிக் கொண்டுவந்து பூட்டினால் நாணயம் கைக்கு வரும். அமெரிக்காவில் இருபத்தைந்து காசு நாணயம் போதும். இங்கிலாந்தில் பல கடைகளில் ஒரு பவுன் நாணயம். 2017-ஆம் ஆண்டில் அங்கே வட்டமான பவுன் நாணயத்தை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு முகமுள்ள புதிய நாணயத்தைக் கொண்டுவந்தபோது, வண்டிப் பூட்டுகளைப் பற்றியும் கடைக்காரர்கள் கவலைப்பட வேண்டி வந்தது.

வண்டி ஊரைச் சுற்றப் புறப்பட்டால் அதற்கும் மருந்து உண்டு. கலிபோர்னியா ராஜ்யத்தில் கடையின் வண்டியை அனுமதியில்லாமல் எல்லைக்கு அப்பால் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். எல்லையைத் தாண்டினால் தானே சக்கரம் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், வாய்க்கால் ஓரத்திலும் தெரு முனையிலும் அநாதையாகக் கிடக்கும் வண்டிகளை, பறவைகளை இனம் பிரிப்பது போல் இனம் பிரித்து, ஜூலியன் மாண்டேகு என்ற ஓவியர் 2006-ஆம் ஆண்டில் ஒரு புத்தகமே வெளியிட்டார். வேடிக்கையான தலைப்புக்கென்று வருஷாவருஷம் கொடுக்கும் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஆனால் மைதானத்துக்குள்ளேயே, பூட்டில்லாத வண்டியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிற என்னைப் போன்றவனுக்கு என்ன மருந்து? ஹாலந்து தேசத்துக் குரோனிங்கன் நகரத்தில் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். 2008-ஆம் ஆண்டில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் அது வெளியாயிற்று. கடையின் கார்க் கொட்டகையில், வண்டிகளைத் திருப்பி விடும்படி கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு இருந்தது. கார்களின் முன் கண்ணாடியில் ஒரு விளம்பரக் காகிதத்தைச் செருகி வைத்தார்கள். கொட்டகை ஒழுங்காக இருந்த சமயத்தில் நூற்றுக்கு 30 பேர் அந்தக் காகிதத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு நாலே நாலு வண்டிகளை அங்கங்கே அநாதையாக நிறுத்தினார்கள். யாரும் தொடாமல் இருக்கக் கைப்பிடியில் வாஸலைன் தடவி வைத்தார்களாம்! இப்போது காகிதத்தைக் கீழே போட்டவர்கள் நூற்றுக்கு 58 பேர்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கோல்ட்மன் கூலிக்கு ஆள் வைத்துக் காட்டியது இதைத்தானே? பிறரைப் பார்த்து வண்டியை எடுத்தவன், பிறரைப் பார்த்துத்தான் அதை விடவும் செய்கிறான். பனிக் குவியலில் நான் சாத்தி வைத்த வண்டி பின்னால் வந்தவர்களிடம், "பரவாயில்லை, நீங்களும் விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கும்.

எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் நினைவு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே பானைமேல் ஒரு பித்தளைக் குவளை கவிழ்ந்திருக்கும். குடித்தவர்கள் மறுபடியும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு சித்திரையில் குவளை காணாமல் போயிற்று. அடுத்த வாரம் புதுக் குவளை வந்தது, சங்கிலியோடு. அதற்கப்புறம் குவளை திருட்டுப் போகவில்லை. ஆனால் கவிழ்த்து வைக்கும் பழக்கம் போய்விட்டது. அதுதான் கட்டியிருக்கிறதே, நமக்கென்ன என்று குடித்தவர்கள் அப்படியே தொங்க விட்டுவிட்டுப் போனார்கள். நாணயப் பூட்டும் அந்தச் சங்கிலிக்கு உறவுதான்.

அன்று சாயங்காலம் அத்தானிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். "அத்தான், தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனுக்கு அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்றேன்.

அத்தான் சற்று நேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டியிலே இருக்கிற வண்டிகளைக் கோர்த்து வரிசையாய்த் தள்ளிக்கொண்டு வருவதற்குத்தான் சம்பளம், மாப்பிள்ளை. நாலு மூலையிலும் விட்டுவிட்டுப் போகிற ஒற்றை வண்டிகளுக்காக, வருகிற போகிற கார்களுக்கு நடுவே பனியில் ஓடுவதற்குத் தனியாகக் காசு கிடையாது. நேரமும் கிடையாது. எனக்குத் தெரியும்" என்றார்.

அண்ணன் எழுதிப்போட்டு அமெரிக்காவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எதிர்பார்த்த உத்தியோகம் கைகூடாமல், நாலு மாதம் ஒரு கடை மைதானத்தில் வண்டி திரட்டியிருக்கிறார் அத்தான். நம் ஊரில் பி.எஸ்ஸி. பாஸ் செய்தவர். விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் வருமாம். ஆறு மாதம் கழித்து வந்துசேர்ந்த அக்காளுக்கு அந்த நாட்களில் எழுதிய கடிதங்களில், "கடையில் கணக்கு வேலை, சௌகரியமாக இருக்கிறேன்" என்று எழுதினாராம்.

"அக்காளிடம் சொல்லவே இல்லையா?" என்றேன்.

"எதற்கு? முடிந்துபோன சங்கதி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அக்காள் என்னைக் கடைக்கு அழைத்துப் போனாள். வாசலுக்கு எதிரிலேயே இடம் காலியாக இருந்தது. அவள் அங்கே நிறுத்தவில்லை. மைதானத்தைப் பாதி சுற்றிக்கொண்டு போய், வண்டிப் பட்டிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினாள்.

"ஏன் அக்கா, இவ்வளவு தூரத்தில்?" என்று கேட்டேன்.

"எப்போதும் இங்கேதான்டா நிறுத்துவேன். வண்டியை விட வசதியாயிருக்கும்" என்றாள். அப்புறம், கையுறையை மாட்டிக்கொண்டே, "உங்கள் அத்தானுடைய பழைய கையுறை ஒரு ஜோடி பெட்டியடியில் கிடந்தது. நான் வந்த புதிதில் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவருக்குக் கையுறையில் உள்ளங்கைப் பக்கம் ஏன் அப்படித் தேய்ந்து ஓட்டை விழ வேண்டும்? நான் அவரிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. நீயும் கேட்காதே" என்றாள்.

சாமான்களை ஏற்றியானதும் வண்டியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பட்டியில் ஒரு வண்டி மட்டும் கோணலாக நின்றது. அதை நேராக்கி, என் வண்டியை அதற்குள் செருகினேன். ஆர்லா வாட்ஸன் செய்த கதவு 'கடக்' என்று மேலே தூக்கி இடம் கொடுத்தது.